பன்னிரண்டு வெட்டுள்ள தடி

ஸ்காபரோ, கனடா
12.09.2023

அன்புத் தங்கச்சி இராசமணிக்கு,

அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. அது இப்போது தனிக்குடித்தனம் நடத்துகிறது. உன் சீனி வருத்தம் எப்படி? ஊசி நேரத்துக்கு நடக்கிறதா? தொலைபேசியில் கேட்டால் "ஓம் ஓம், இஞ்ச மழைதான்" என்கிறாய். உன் காதோடு மல்லுக்கட்ட எனக்கு ஏலாது. ஆகவே பழையபடி கடிதம்.

ஒரு நல்ல செய்தி. இங்குள்ள நம் ஊர்ச் சங்கம் அப்பப்பாவுக்குச் சரவணையில் சிலை வைக்கத் தீர்மானித்திருக்கிறது. இடம் நம் கிணற்றடி, ஒழுங்கை முகப்பு. வருகிற ஆடித் திருவிழாவில் திறப்பு. அன்று ஒரு மலரும் வெளியிடுகிறோம். மலருக்கு நான் எழுதியதைக் கேள்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து நாலு, பஞ்ச வருஷம். கடல்வழி வந்த பன்னிரண்டு கள்ளர் கோயில் நகைகளைக் கொள்ளையடிக்க வந்தனர். தடிக்கார வைத்தியலிங்கம் கிணற்றடியில் தனி ஆளாக நின்று சிலம்பம் சுழற்றினார். கொட்டுகிற மழையில் ஒரு துளிகூட அவர் மேல் படவில்லை. பன்னிரண்டு பேரும் கைகால் முறிந்து ஓடினர். ஆளுக்கு ஒரு வெட்டாகத் தன் தடியில் பன்னிரண்டு வெட்டுகளைப் பதித்தார் மாவீரர்."

எப்படி? மிதுஷன் இங்கே சிலம்பம் பழகுகிறான். என் பேரன் தன் பூட்டனின் தகப்பனைப் பற்றிய கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறான்.

சங்கத்தில் ஒருவர் மட்டும் ஆதாரம் கேட்கிறார். எந்த நல்ல காரியத்துக்கும் ஒரு பூனை குறுக்கே போகும்தானே. அந்தத் தடி பட்டுத் துணி சுற்றிச் சுவாமி அறைக் கூரை வளையில்தானே கட்டியிருக்கிறது? அளந்து எழுது. ஊரில் வயதானவர்களைக் கேள். அந்தப் பன்னிரண்டு பேரின் பெயர்கள் கிடைத்தால் இன்னும் விசேஷம். கல்லில் பொறிப்பது நாளைக்குப் பிழையாகக் கூடாது.

வீட்டில் தனியாக இருக்கிறாய், கதவுகளைக் கவனமாகப் பூட்டு. உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அண்ணன் பரமலிங்கம்


சரவணை
10.10.2023

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. என் சுகத்துக்குக் குறைவில்லை. காது மட்டும் தனக்குப் பிடித்ததைக் கேட்கிறது. முழங்காலுக்கு வேப்பெண்ணெய் பூசச் சொல்லி அண்ணியிடம் சொல்லுங்கோ.

ஊசி தவறுவதில்லை. பின் ஒழுங்கை மரியநாயகி ஆஸ்பத்திரி வேலையிலிருந்து இளைப்பாறி வந்த பிறகு நாள்தோறும் காலையில் அவதான் வந்து போடுகிறா. நாலு வருஷமாக ஒரு நாள் பிந்தியதில்லை. ஒரேயொரு குணம். எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணி குடிக்கமாட்டா. சித்திரை வெயிலிலும் தன்னுடைய போத்தலைக் கொண்டு வந்து முற்றத்தில் நின்று குடிப்பா. ஆஸ்பத்திரிக்காரருக்குச் சுத்தம் கூடிப்போச்சு என்று நான் பகிடி பண்ணுவேன்.

தடியை இறக்கி அளந்தேன். ஒன்பதடி மூன்று அங்குலம். வெட்டுகளும் பன்னிரண்டுதான், சரி. அளவு நாடாவின் ஒரு நுனியை மரியநாயகிதான் பிடித்தா. தடியைப் பிடிக்கச் சொன்னேன். "கை ஈரம் அக்கா" என்றா. கதை கேள்விப்பட்டிருக்கிறீரோ என்று கேட்டேன். "கேட்டிருக்கிறன்" என்றுவிட்டு, கோழிக்குத் தீன் போட வேண்டும் என்று போய்விட்டா.

மற்றவர்களையும் கேட்டேன். ஒருவர் கள்ளர் ஏழு பேர் என்கிறார். ஒருவர் பதினெட்டு, அதிலே இரண்டு பேர் குதிரையில் என்கிறார். சரவணைக்குக் குதிரை எந்த வள்ளத்தில் வந்தது என்று கேட்டதற்கு என்னோடு கோபித்துக்கொண்டார். பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஒரு கள்ளன்கூட எந்த ஊரான் என்று தெரியாது.

அண்ணை, எனக்கு ஒரு சின்னக் கேள்வி. அது பஞ்ச வருஷம், மழையே இல்லை என்கிறோம். பிறகு கொட்டுகிற மழையில் ஒரு துளி படவில்லை என்கிறோம். இரண்டையும் ஒரே பந்தியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பூனை அதைப் பார்க்காமல் விடுமோ?

பிள்ளைகளுக்கும் அண்ணிக்கும் என் அன்பு.
தங்கச்சி இராசமணி


ஸ்காபரோ
02.11.2023

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வேப்பெண்ணெய் மணத்துக்கு உன் அண்ணி என்னை வேறு அறைக்கு மாற்றிவிட்டா.

ஒன்பதடித் தடி என்றதும் சிற்பியிடம் சொல்லிவிட்டேன். அவ்வளவு தடியைச் சுழற்றியவர் ஏழடிக்குக் குறையாத ஆளாகத்தான் இருந்திருப்பார். சிலை ஏழடி.

மழை விஷயத்தை எடுத்துவிடலாம். அது சின்ன விஷயம்.

ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளம் ஏறினால் அனலைதீவில் தர்சன் என்று ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் பழக்குகிறாராம். தடியைக் காட்டி, இது சிலம்பத் தடிதான் என்று ஒரு வரி எழுதி வாங்கு. சங்கத்தில் அதோடு எல்லோர் வாயும் அடைபடும்.

இன்னுமொன்று. இதை மரியநாயகியிடம் கேட்டுக்கொண்டு திரியாதே. அவையளுக்கு நம் வீட்டுச் சங்கதி என்ன தெரியும்?

உடம்பைப் பார்த்துக்கொள். இனிப்புத் தின்னாதே.
அண்ணன் பரமலிங்கம்


சரவணை
05.12.2023

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நடமாடித் திரிகிறேன். உங்கள் முழங்காலுக்குச் சுகம் வர அம்மனுக்கு ஒரு அர்ச்சனை வைத்தேன்.

அனலைதீவுக்குப் போய் வந்தேன். ஒன்பதடித் தடியோடு பஸ்ஸில் ஏறிப் பாருங்கோ, அப்போது தெரியும் வீரம். சேலையால் சுற்றி, யன்னலால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு போனேன். நடத்துநர், "அம்மா, அதுக்கும் ஒரு டிக்கற் எடுக்கோணும்" என்றார். துறைமுகத்தில் நேவிப் பொடியன் ஒருவன் மேலும் கீழும் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். வள்ளத்தில் என் மடியிலும் இன்னும் மூன்று பேரின் மடியிலும் கிடந்து தடி அனலைதீவு போய்ச் சேர்ந்தது.

தர்சனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெங்காயத் தோட்டத்தில் நின்றார். மரியாதையான பிள்ளை. கை கழுவிவிட்டு வந்து தடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வாங்கினார். ஒரு தரம் தூக்கினார். என்னைப் பார்த்தார்.

"அம்மா, இதால ஒருத்தரும் சிலம்பம் அடிக்கேலாது."

"ஏன் தம்பி?"

"சிலம்பத் தடி நிலத்தில ஊண்டினா ஆளின்ர நெத்திக்கு நேர நிக்கோணும். இது ஒண்டரை ஆள். சுத்தினா முதல்ல எங்கட மண்டைதான் உடையும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய தடியைச் சுழற்றச் சொல்லி, வீட்டிலிருந்த அரிசியில் ஒரு கைப்பிடி வாங்கி எறிந்து பார்த்தேன். நன்றாகத்தான் சுழற்றினார், காற்று விசிறியது. ஆனால் நிறுத்தியதும் தலைமயிரில் ஏழெட்டு அரிசி இருந்தது. "ஒண்டும் படாது எண்டுறது பாக்கிற ஆக்களின்ர கதை அம்மா. அடிக்கிறவனுக்குத் தெரியும் எத்தினை பட்டது எண்டு" என்று சிரித்தார்.

பிறகு நம் தடியைக் கிணற்றுக்கட்டில் வைத்து நுனியிலிருந்து நுனிவரை தடவினார். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பக்க நுனியில் துளை, அதைச் சுற்றிக் கயிறு தேய்த்த பள்ளம். மற்ற நுனியில் இரும்புக் கொளுக்கி இருந்த துரு. இவ்வளவு காலமும் நான் பட்டுத் துணியைத்தான் பார்த்திருக்கிறேன், தடியைப் பார்க்கவில்லை.

"வெட்டுகளைப் பாருங்கோ, சாணுக்கு ஒண்டு, அளந்து வெட்டியிருக்கு. ஆளை அடிச்சிட்டு வந்து வெட்டுறவர் அளவு பாத்தோ வெட்டுவார்? எங்கட அப்பு காலத்தில இந்தக் கிணத்திலயும் இப்பிடி ஒண்டு இருந்தது. ஈரக்கை வழுக்காமலிருக்க வெட்டுறது. இது துலாத்தடி அம்மா. துலா மரத்தில தொங்கவிட்டு, வாளி கொளுவித் தண்ணி அள்ளுற தடி."

நான் வாங்கப் போன ஒரு வரியை வாங்கவில்லை. வள்ளத்தில் திரும்பும்போது தடி கனத்தது.

தொண்ணூறு வருஷமாக நாங்கள் துலாத்தடிக்குப் பூ வைத்துக் கும்பிட்டிருக்கிறோம். அது பரவாயில்லை, தண்ணி தந்த தடிதானே. ஆனால் அதை அப்பப்பா ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்? கள்ளர் வந்த அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை அவிழ்த்து அடித்தாரோ? அப்படியென்றால் அது இன்னும் பெரிய வீரம், நானே எழுதித் தருகிறேன். ஒன்பதடித் தடியைத் துலாவிலிருந்து அவிழ்க்கும்வரை பன்னிரண்டு கள்ளரும் பார்த்துக்கொண்டு நின்றார்களோ என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. எங்களைப் பெற்ற ஐயா உங்களிடம் ஏதும் சொல்லியிருக்கிறாரா? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அண்ணை. சமைக்கிற நேரத்திலும் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

விரைவில் பதில் எழுதுங்கோ.
தங்கச்சி இராசமணி


சரவணை
16.01.2024

அன்புள்ள அண்ணைக்கு,

பொங்கல் நன்றாக நடந்தது. உங்கள் வீட்டிலும் பால் பொங்கியிருக்கும். நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

ஆறு கிழமையாகப் பதில் இல்லை. ஊரெல்லாம் சுற்றி மரியநாயகியின் மகளுடைய போனுக்குச் சிலையின் படம் மட்டும் வந்தது. முறுக்கு மீசை, தலைப்பாகை, தடியை ஓங்கிய கை. அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளை தாயிடம் காட்ட, தாய் என்னிடம் கொண்டுவந்து காட்டினா. "எங்க வைக்கினமாம்?" என்று கேட்டா. கிணற்றடியில் என்றேன். ஊசியைப் போட்டுவிட்டுத் தண்ணி குடிக்காமலே போய்விட்டா. போத்தலை முற்றத்தில் மறந்துவிட்டா. பிறகு அவவின் மகள் வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

கேட்டதற்குப் பதில் எழுதுங்கோ, அண்ணை. அந்தத் தடி ஏன் வீட்டுக்கு வந்தது?

தங்கச்சி இராசமணி


ஸ்காபரோ
28.01.2024

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். இரண்டு அடி பனி. கடிதம் போடப் போகவும் வழியில்லை, அதுதான் சுணக்கம். முழங்காலுக்குப் புதுக் குளிசை தந்திருக்கிறார்கள், தலை சுற்றுகிறது.

சிலை முடிந்துவிட்டது. பெட்டி அடிக்கிறார்கள். தர்சன் தம்பிக்கு இளவயது, பழைய முறைகள் என்ன தெரியும்? அந்தக் காலத்தில் நீளத்தடிச் சிலம்பமும் இருந்திருக்கும். எல்லாக் குப்பையையும் கிளறிக்கொண்டிருந்தால் கோழிக்குத்தான் லாபம். நான் கனடாவுக்கு வர முந்திய வருஷங்களில் ஐயா அந்தத் தடிக்குப் பூ வைக்க விடாமல் சண்டை பிடித்ததை வைத்து நீ ஒன்றும் நினையாதே. அவருக்கு அப்போது மனநிலை சரியில்லை.

கல்லில் பொறிக்க வேண்டியதை இதோடு வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை மட்டும் பார்த்து அனுப்பு.

அண்ணன் பரமலிங்கம்


சரவணை
22.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் தலைசுற்றுக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு இப்போது சுற்றுகிறது.

ஐயா பூ வைக்க விடாமல் சண்டை பிடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது தெரியாது. அந்த வருஷங்களில் நான் கணவரோடு வவுனியாவில் இருந்தேன். நான் கேட்காத ஒன்றுக்கு நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள். கேட்டதற்கு எழுதவில்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டாம் என்ற ஆளிடமே கேட்டேன்.

காலையில் ஊசி போட வந்தா. கதிரையை இழுத்துப் போட்டு, "மரியநாயகி, அந்தக் கிணத்தடியில என்ன நடந்தது? உமக்குத் தெரியும்" என்றேன். மருந்தை ஊசிக்குள் இழுத்துக்கொண்டிருந்தா.

"கேக்கிறீங்களோ அக்கா, இல்லாட்டிச் சும்மா கதைக்கிறீங்களோ?"

"கேக்கிறன்."

முதலில் ஊசியைப் போட்டு முடித்தா. பஞ்சை என் கையில் தந்து அமர்த்தச் சொன்னா. பிறகுதான் சொன்னா. அவ சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல் நான் சேர்க்கவில்லை.

"எங்கட ஆக்கள் உங்கட கிணத்தில அள்ளக் கூடாது. அது உங்களுக்குத் தெரியும். வாளியோட தள்ளி நிண்டா, உங்கட ஆக்களில ஆரும் மனம் வைச்சு அள்ளி ஊத்துவினம். அந்தப் பஞ்சத்தில ஊத்த ஒருத்தரும் வரேல்லை. ரெண்டு நாள் நிண்டவையாம். மூண்டாம் நாள் எங்கட அம்மம்மா போய்த் துலாவைப் பிடிச்சவ. மற்றவையும் போச்சினம். பன்னிரண்டு பேர். எல்லாம் பொம்பிளையள். உங்கட அப்பப்பா வந்தவர். அவர் அடிக்கேல்லை அக்கா, அதையும் சொல்லோணும். கை ஓங்கேல்லை, ஏசவும் இல்லை. துலாவில இருந்து தடியை அவிட்டு, வாளியைக் கழட்டிப் போட்டிட்டு, தடியைத் தோளில வைச்சுக்கொண்டு வீட்டை போனவர். தடி நீளம் எண்டபடியா மற்ற நுனியை ஒரு பொடியன் பிடிச்சுக்கொண்டு போனதாம்."

"அவ்வளவும்தானோ?"

"அவ்வளவும்தான். கிணத்தில தண்ணி கிடந்தது. எட்டேலாது."

வெறும் ஊசியை மூடி வைத்தா. பிறகு சொன்னா: "அம்மம்மாவிட்ட அப்ப ஒரு கைப்பிள்ளை. எங்கட அம்மாவுக்குத் தம்பி. ஆறு மாசம். பால் இல்லாமல் அந்தக் கிழமை செத்துப்போச்சு. ஊர்காவற்றுறையில பாதிரியார் கோயில் கிணத்தில அள்ள விட்டவர். நாங்கள் கிறிஸ்து வேதத்தில சேந்தது அப்பிடித்தான்."

தடியோடு போனவரைப் பார்த்து ஊரார் என்னவென்று கேட்டார்களாம். "கிணத்தில கள்ளர்" என்றாராம். அந்த ஒரு சொல்தான், அண்ணை. பிறகு வந்தவர்கள் அந்தக் கள்ளரைக் கடலால் கொண்டுவந்து, கோயில் நகையைக் காட்டி, ஆம்பிளையாக்கி, கைகாலை முறித்திருக்கிறார்கள். துளி மழை அவர் மேல் படவில்லை என்பது மட்டும் உண்மை. அந்த வருஷம் யார் மேலும் படவில்லை.

ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கேக்கேல்லை. புரட்டாதியில அளக்கேக்கை கேட்டீங்கள். அண்டைக்குச் சொல்ல மனமில்லை. உங்களுக்கு ஊசி போடுறவள் நான்தானே அக்கா. இதைக் கிளறிப்போட்டு அந்தக் கோவத்தோட ஊசி பிடிக்கேலாது" என்றா. போத்தலை எடுத்துக்கொண்டு போனா.

அந்தத் தடியின் மற்ற அந்தத்தைப் பிடித்த பொடியன் யாரென்று அவவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

எழுத்துப்பிழை பார்க்கச் சொன்ன தாளைத் திருப்பி அனுப்புகிறேன். எழுத்தில் பிழை ஒன்றுமில்லை.

தங்கச்சி இராசமணி


ஸ்காபரோ
24.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. பனி இல்லை, குளிசை இல்லை, சாட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை நாலு தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். அண்ணி நான் மலருக்கு எழுதுகிறேன் என்று நினைத்துத் தேத்தண்ணி போட்டுத் தருகிறா.

அந்தப் பொடியன் ஐயா. அப்போது பத்து வயது.

நான் கனடாவுக்கு வெளிக்கிட்ட கிழமை ஐயா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு அந்தம் அப்பப்பாவின் தோளில், மற்ற அந்தம் தன் தோளில். திரும்பிப் பார்க்காமல் வாடா என்றாராம் அப்பப்பா. ஐயா திரும்பிப் பார்த்தாராம். என்ன பார்த்தார் என்று கேட்டேன். அதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. போகும்போது இந்தத் தடியையும் கடலில் எறிந்துவிட்டுப் போ என்றார். நான் எறியவில்லை. பட்டுத் துணியை மாற்றிக் கட்டிவிட்டுப் போனேன்.

ஆகவே எனக்குத் தெரியும், மணி. துலாத்தடி என்று தெரியும். உன்னை அனலைதீவுக்கு அனுப்பியபோதும் தெரியும். அங்கே ஒருவர் பார்த்து இது சிலம்பத் தடி என்று எழுதித் தந்தால் ஐயா சொன்னது பொய்யாகிவிடும் என்று ஒரு ஆசை. எழுபத்தொரு வயதுக் கிழவனுக்கு வந்த ஆசையைப் பார்.

ஏன் என்று நீ கேட்பாய். தொண்ணூறில் மூன்று மாதத்தில் வந்து எல்லோரையும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நான் ஓடினேன். பிறகு சண்டையில் ஊர் இடம்பெயர்ந்தபோது அம்மாவையும் ஐயாவையும் தோணியில் ஏற்றினது நீ. வவுனியாவிலிருந்து திரும்பி வந்து ஏற்றினாய். அம்மா போனபோது கொள்ளிக்கு ஆள் தேடினதும் நீ. இதை நீ ஒரு நாளும் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. அது இன்னும் வலிக்கிறது. மிதுஷன் கதை கேட்கிறான். ஓடினவனின் கதை என்னிடம் இருக்கிறது. நின்றவர் ஒருவரின் கதை வேண்டியிருந்தது.

சங்கத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி அடுத்த மாதம் கப்பலேறுகிறது. வாய் வருகுதில்லை. நீ ஒரு கடிதம் எழுதித் தந்தால், ஊரிலிருந்து இப்படி ஒரு தகவல் வந்திருக்கிறது என்று வாசித்துவிடலாம். என்ன சொல்கிறாய்?

அண்ணன்


சரவணை
13.05.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இந்த முறை முதலில் உங்கள் சுகத்தைத்தான் நினைத்தேன். வேளைக்குச் சாப்பிடுங்கோ. அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கோ, மலர் என்று சொல்லித் தேத்தண்ணி வாங்கிக் குடிக்காதையுங்கோ.

தோணியைப் பற்றி எழுதினீர்கள். எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அம்மா கடைசியில் உங்கள் பெயரைத்தான் சொன்னா, அந்த ஆத்திரம் எனக்கு நெடுங்காலம் இருந்தது. இப்போது இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை.

ஆனால் சங்கத்துக்கு நான் எழுதமாட்டேன். நான் எழுதினால் காது கேளாத கிழவி எதையோ பிழையாகக் கேட்டுவிட்டாள் என்பார்கள். நீங்கள் எழும்பி நின்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். மிதுஷனையும் பக்கத்தில் இருத்திவைத்துச் சொல்லுங்கோ. ஒரு தரம் ஓடினீர்கள், சரி. இந்தத் தரம் நில்லுங்கோ, அண்ணை. நின்றவர் ஒருவரின் கதை அவனுக்குக் கிடைக்கும்.

தடியை வளையிலிருந்து இறக்கிப் பட்டை அவிழ்த்துவிட்டேன். உமக்கு வேணுமோ என்று மரியநாயகியிடம் கேட்டேன். "எனக்கேன் அக்கா. நீங்களே வைச்சிருங்கோ. பட்டை மட்டும் சுத்தாதையுங்கோ" என்றா. கிணற்றடிச் சுவரில் சாத்தியிருக்கிறேன். போகிறவர் வருகிறவர் கேட்கிறார்கள். துலாத்தடி என்று சொல்கிறேன். மிச்சத்தையும் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். கோயிலை நடத்துகிற முகாமைக்காரர் இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் காது கேளாதபடியால் பெரிய நட்டமில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரின் பெயர் வேண்டும் என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அதைக் கேட்க நேற்று மரியநாயகி வீட்டுக்குப் போனேன். தாய் சொல்லி அவவுக்கு ஞாபகமுள்ளது ஏழு பெயர்தான். சின்னி, அது அவவின் அம்மம்மா. வள்ளி. மூத்தாள். கதிரி. நன்னி. பொன்னி. இன்னொரு சின்னி, அவ குள்ளச் சின்னி. மற்ற ஐந்து பேரின் பெயர் இனி ஒருவருக்கும் தெரிய வழியில்லை. கல்லில் எதையும் பொறிக்கத்தான் வேண்டும் என்றால் இவை இருக்கின்றன. எழுத்துப்பிழை பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை எழுதாமல் இந்தக் கடிதத்தை ஒட்ட எனக்கு மனமில்லை. பெயர்களைக் கேட்டு எழுதி முடிய எனக்கு நா வறண்டது. நல்ல வெயில். அங்கே கிணறு இல்லை, பவுசர் வண்டியில் வருகிற தண்ணியைத்தான் குடத்தில் பிடித்து வைத்திருக்கிறா. ஒரு செம்பு தண்ணி தாரும் என்று கேட்டேன். மரியநாயகி அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. ஏன் இப்படிப் பார்க்கிறா என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவ எங்கள் வீட்டில் தண்ணி குடிக்கமாட்டா என்று நாலு வருஷமாகப் பகிடி பண்ணினேன், உங்களுக்கும் எழுதினேன். இந்த அறுபத்தாறு வயது வரைக்கும், இருநூறு யார் தூரம் தள்ளியிருக்கிற அந்த வீட்டில் நான் ஒரு வாய் தண்ணி குடித்ததில்லை. படலை தாண்டி உள்ளே போனதே நேற்றுத்தான். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை, அண்ணை. என் பாட்டில் நானே போகாமல் இருந்திருக்கிறேன்.

செம்பை இரண்டு தரம் கழுவித் தந்தா. முழுவதையும் குடித்தேன்.

இன்று காலையும் நேரத்துக்கு வந்து ஊசி போட்டா. குசினியில் குடமும் செம்பும் எடுத்து வைத்திருந்தேன். போத்தல் கொண்டுதான் வந்தா. முற்றத்தில் நின்று குடித்துவிட்டுப் போனா. நாளைக்கும் எடுத்து வைப்பேன்.

உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் அம்மன் துணை. சங்கக் கூட்டம் எந்தத் திகதி என்று எழுதுங்கோ. அன்றைக்கு நான் கிணற்றடியில் இருப்பேன்.

தங்கச்சி இராசமணி